மச்சான் பங்கு

மையத்தில் என் வேலைக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் இரண்டு வரிக்கு வரும். வேலை என்னவோ ஒன்றுதான். எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பார்த்து "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்க வேண்டும். போட்டேன் என்பார்கள். நிஜமாகவே போட்டார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். போடவில்லை என்றால் ஏன் என்று விசாரித்து, மறுபடியும் போட வைக்க வேண்டும். இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

இந்த வேலைக்கு என்னிடம் இருந்த தகுதி, எனக்கும் அது இருப்பதுதான். அதற்கு முன்னால் முதலியார்பேட்டையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாத்திரை போடுகிறவன் நான். தட்டைக் கழுவ எடுத்துப் போகும்போது என் மனைவி "போட்டாச்சா" என்பாள். பகல் முழுக்க ஊராரிடம் நான் கேட்கிற கேள்வியை வீட்டில் என்னிடமே கேட்டால் எரிச்சலாக இருக்காதா? இருக்கும். அந்த எரிச்சல் வேலைக்கு உதவுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைச் சுளித்தால் நான் கோபித்துக்கொள்வதில்லை.

மாத்திரை நாளுக்கு ஒன்று. விடாமல் போட்டால் வைரஸ் அடங்கிக் கிடக்கும். ஆள் தன் பாட்டுக்கு வேலைக்குப் போகலாம், கல்யாணம் காட்சிக்குப் போகலாம், வயதாகி மூட்டு வலி என்று புலம்பலாம். விட்டு விட்டுப் போட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் வேறு மருந்து தேட வேண்டும். இதில் புரியாதது எதுவும் இல்லை. சிக்கல் எல்லாம் டப்பாவை வீட்டில் எங்கே வைப்பது என்பதில்தான். கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டு துணி தைக்கும் ஒரு முஸ்லிம் அம்மா பட்டன் டப்பாவில் வைத்திருந்தார். நோன்பு மாதத்தில் மட்டும் அது சமையலறையில் மிளகு டப்பாவுக்கு இடம் மாறும், விடியுமுன் எழுந்து, நோன்பு தொடங்குமுன் சாப்பிடும் சகருக்குச் சமைப்பது அவர்தான் என்பதால். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் வைட்டமின் சீசாவில் கொட்டி மேசை மேலேயே வைத்திருந்தார். தனக்கும் சத்து மாத்திரை வேண்டும் என்று பேத்தி அடம்பிடித்த பிறகு பீரோவில் வைத்துப் பூட்டினார். டப்பா வாங்கும்போதெல்லாம் அவர் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். மற்றவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவார்கள்.

பிள்ளைச்சாவடியிலிருந்து வந்தவர் மீனவர், நாற்பதை ஒட்டிய வயது. தோள் பெரியது, குரல் சின்னது. மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் மையத்தில் அதுவே அபூர்வம். மனைவிக்குச் சோதித்துப் பார்த்தோம், இல்லை. அதைச் சொன்னபோது அந்தம்மா சந்தோஷப்படவும் இல்லை, அழவும் இல்லை.

"அப்போ எங்களுக்குக் குழந்த பொறக்குமா, பொறக்காதா?" என்று கேட்டார்.

எங்கள் டாக்டரம்மா சின்ன வயது. மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிற தோரணையில் ஒரு நோயாளி கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். "அவர் ரத்தத்துல வைரஸ் டெஸ்ட்ல தெரியாத அளவுக்கு எறங்கணும். எறங்கினது ஏறாம நிக்கணும். அப்புறம் உங்களுக்கும் வராது, பொறக்கிற குழந்தைக்கும் வராது. அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

"சரி, எறக்கிடறேன்" என்றார் அந்தம்மா. அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. காத்திருக்க அதிக காலம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், டாக்டரம்மாவுக்கும் தெரியும்.

வருகிறவர்களுக்கெல்லாம் நான் ஓர் ஆலோசனை சொல்வது வழக்கம். தினமும் செய்கிற ஏதாவது ஒரு காரியத்தோடு மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மறக்காது என்பேன். அந்தம்மா காலண்டரோடு சேர்த்தார். விடியற்காலையில் கணவர் கடலுக்குப் புறப்படும்போது தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, மாத்திரையை அதில் மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்துவிடுவார். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று அவர் சொன்னதால் வீட்டில் போடுவதில்லை. போட்டில் வலை விட்டு முடித்து, கஞ்சி குடிக்கும்போது போட்டுக்கொள்ள வேண்டும். கடலுக்குப் போகாத நாளிலும் பொட்டலம் பைக்கு வந்துவிடும். ராசிபலன், நல்ல நேரம், எமகண்டம் எல்லாம் சேர்த்து மடித்த மாத்திரை அது.

முதல் ரிசல்ட் பிரமாதமாக வந்தது. அந்தம்மா மையத்தில் இருந்த அத்தனை பேருக்கும் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தார். மருந்து அலமாரிப் பக்கம் ஒரு வாரம் வேறு வாசனையே இல்லை. "அடுத்ததும் இதே மாதிரி வரட்டும், அப்புறம் உங்க பாடு" என்று டாக்டரம்மா சிரித்தார்.

அடுத்தது ஏறி வந்தது. கொஞ்சநஞ்சமாக இல்லை.

டாக்டரம்மா தாளைத் திருப்பி என்னிடம் காட்டினார். மூன்று மாதம் நன்றாகக் கவனித்துவிட்டு மறுபடி பார்க்கலாம், அப்போதும் இறங்காவிட்டால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும், அதுவரை குழந்தைப் பேச்சே வேண்டாம் என்றார். கவனிக்கிற ஆள் நான். கணவரைத் தனியாக உட்கார வைத்து எனக்குத் தெரிந்த கேள்வியெல்லாம் கேட்டேன். குடிக்கிறீர்களா? இல்லை. நாட்டு மருந்து? இல்லை. நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது குடிக்கிறீர்களா? இல்லை. மாத்திரை போட்டதும் வாந்தி வருகிறதா?

"கடல்ல வாந்தி எடுக்கறவன் எப்டிணா தொழில் பண்றது?" என்றார்.

"அப்போ மாத்திரைய ஒழுங்கா போடறீங்க."

அவர் மேசை விளிம்பைப் பார்த்தார். "தப்பா எதுவும் செய்யலணா."

கேட்டதற்குப் பதில் அது இல்லை. ஆனால் டப்பா சரியான தேதிக்குக் காலியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அந்தம்மாவைக் கேட்டால் "நானே என் கையால வச்சு அனுப்பறேன்" என்றார். மாத்திரை வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறது, ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் இருப்பது சட்டைப் பையும் வங்காள விரிகுடாவும்தான். அவர் கடலில் எறிந்துவிடுகிறார் என்றுதான் அந்தம்மா சந்தேகப்பட்டார்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் ஆட்கள் ஒரு தெருவில் நுழைந்தால் அந்தத் தெரு மோப்பம் பிடித்துவிடும். அதனால் ஒவ்வோர் ஊரிலும் எனக்கு ஒவ்வொரு தொழில். பிள்ளைச்சாவடியில் நான் வலைக் கம்பெனி ஆள். சொல்லி வைத்தது அந்தம்மாதான். முதல் தடவை போனபோதே நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு கண்ணி அளவு என்ன, நரம்பு எந்தப் பருமன் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வலை என்றால் கொசுவலை மட்டும் அறிந்தவன் நான். மறுநாள் கடைக்குப் போய் சாம்பிள் துண்டுகள் வாங்கி, பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டேன். ஒருவர் ஆர்டரே கொடுத்துவிட்டார். கம்பெனியில் ஸ்டாக் இல்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் தடவை நான் பையும் வலைத் துண்டுமாகத் தெருவுக்குள் திரும்பியபோது சண்டை நடந்துகொண்டிருந்தது. அவர் வாசலில் நின்றிருந்தார். அந்தம்மா நடுத்தெருவில்.

"நீ ஏமாத்துக்காரன்யா. என்னை ஏமாத்தற. உனக்குப் புள்ள வேணாம், அதான் நீ பண்ற வேல இது. வேணாம்னா வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போ."

அக்கம்பக்கத்தில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். என்ன விஷயம் என்று தெருவுக்குத் தெரியாது; அவர் வேறு யாரையோ வைத்திருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டது. அந்தம்மா என்னையும் பார்த்தார். "வலைக்காரரே, நீங்களும் கேட்டுக்குங்க. இந்த ஆளு ஏமாத்துக்காரன்." பிறகு உள்ளே போய் ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். தாய் வீடு அதே தெருவில் நாலு வீடு தள்ளி.

மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. புருஷன் வேண்டாம் என்று போனவர், மறுநாள் விடியற்காலையிலிருந்து தாய் வீட்டு வாசலில் நின்று, காலண்டர் தாளில் மடித்து அதே பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் கடலுக்குப் போகிற வழியில் மாமியார் வீட்டு வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போனார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

கரையில் வைத்துப் பேசலாம் என்று ஒருநாள் காலையில் போனேன். பிள்ளைச்சாவடியில் இப்போது கரை என்று சொல்ல அதிகம் இல்லை. கடல் உள்ளே வந்துவிட்டது, அதைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், நடுவில் கொஞ்சம் மணல் மிச்சமிருக்கிறது. போட்டுகள் அங்கேதான் ஏறும். அவர்கள் போட்டு வந்தது. மீனை ஏலக்காரர் எடுத்துக்கொண்ட பிறகு, வீட்டுக் குழம்புக்கென்று ஒதுக்கியதை ஈர மணலில் கூறு போட்டார்கள். போட்டிலிருந்து இறங்கியவர்கள் நாலு பேர். கூறு ஐந்து.

"அது யாருக்கு?" என்று கேட்டேன்.

"மச்சானுக்குணா. காய்ச்சல், வரல." மச்சான் என்றது அவர் மனைவியின் தம்பியை. அதே போட்டில் தொழில் செய்கிறவன், முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை.

"வராதவருக்கும் உண்டா?"

என்னை விசித்திரமாகப் பார்த்தார். "படுத்துட்டான்னா பங்கு இல்லன்னு சொல்லிடுவாங்களா? ஏலப் பணத்துல போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. கொழம்பு மீனு ஆளுக்கு மட்டும். உடம்பு சரியில்லாதவனும் ஆளுதான?"

காரப்பொடி மீனும் இரண்டு சங்கராவும் இருந்த ஐந்தாவது கூற்றை ஒரு பையில் அள்ளிக்கொண்டு நடந்தார். நானும் கொஞ்சம் பின்னால் போனேன். மச்சான் கருங்கல் மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனிடம் மீன் பையைக் கொடுத்தார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு, மடித்த காலண்டர் தாளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, பாட்டில் தண்ணீரைக் குடித்தான். தாளைக் காற்று கொண்டுபோனது.

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

டீக்கடைப் பக்கம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டதில் எல்லாம் வந்தது. விடாமல் காய்ச்சல் அடித்ததால் மச்சான் ஏதோ ஒரு லேபில் ரத்தம் கொடுத்திருக்கிறான். வந்த ரிசல்ட்டைக் கிழித்துக் கடலில் போட்டுவிட்டு, போட்டில் எல்லோரும் தூங்கும்போது மாமாவிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறான். மாமா தன்னுடையதையும் அவனிடம் சொல்லிவிட்டார். மையத்துக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார். அவன் வரமாட்டேன் என்றான். மையத்தில் யாராவது பார்ப்பார்கள், ஊருக்குத் தெரியும், தெரிந்தால் போட்டில் ஏற்ற மாட்டார்கள். அதனால் மாமா சட்டைப் பையில் இருந்ததைப் பங்கு போட்டார்.

"ஒரு நாள் நானு, ஒரு நாள் அவன். என் நாள நான் ஒரு தடவ கூட விட்டதில்லணா" என்றார். அதில் ஒரு பெருமை கூட இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த மாத்திரை இலவசம். கேட்கிற எல்லோருக்கும் உண்டு. அலமாரியில் அடுக்கி வைத்துக்கொண்டு, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாங்கள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சுகிறோம். அதைப் போய் இரண்டு பேர் பஞ்ச காலத்துக் கஞ்சி போலப் பாதிப் பாதியாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பாதி போட்டா பாதி கேக்கும்னு யாரு சொன்னது?" என்றேன். "ரெண்டு பேருக்கும் கேக்காது. உங்க உடம்புல இருக்கறதும் மருந்துக்குப் பழகிடும், அவன் உடம்புல இருக்கறதும் பழகிடும். நீங்க அவனக் காப்பாத்தல. சேந்து முழுகறீங்க."

அவர் தன் டம்ளரையும் கீழே வைத்தார். "அப்போ நிறுத்திடட்டாணா? அவனுக்கு நிறுத்திட்டா அவன் என்னா பண்ணுவான்?"

"மையத்துக்கு வருவான்."

"வரமாட்டான்."

"உங்களுக்குக் குழந்த வேணாமா?"

"வேணும்தாணா." குரல் இன்னும் சின்னதாகிவிட்டது. "அதுக்காக அவ தம்பிய விட்டுட முடியுமா? நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிகினு அவளப் பாக்கறது? ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டா. சொல்லிட்டுப் போகட்டும். அது பரவால்ல."

நான் மச்சானிடமும் பேசினேன். கெட்டிக்காரப் பையன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். "திங்கக்கிழம வந்துடறேன் சார்" என்றான். வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. உங்கள் மனைவியிடமாவது சொல்லிவிடுங்கள் என்று மாமாவைக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று அவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். நான் சொல்லலாமா என்றால், கூடாது. ஒருவருடைய நோயை அவர் சம்மதமில்லாமல் இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பதுதான் என் வேலையில் முதல் விதி. அந்த விதி இல்லாவிட்டால் எங்களிடம் யாரும் வரமாட்டார்கள். எனக்கும் அந்த விதிதான் பாதுகாப்பு. இருந்தாலும் அந்த வாரங்களில் அதைப் போல நான் வெறுத்தது வேறொன்றும் இல்லை.

அந்தம்மா மையத்துக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். "கண்டுபுடிச்சீங்களாணா?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்மா."

"நீங்களும் அவரு பக்கம் போய்ட்டீங்க" என்றார். எழுந்து போய்விட்டார். அன்றிரவு என் மனைவி வழக்கம் போல "போட்டாச்சா" என்றபோது அவளிடம் எரிந்து விழுந்தேன். எதற்கென்று அவள் கேட்டாள், நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். அந்தம்மாவின் கர்ப்பப்பைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டிருந்தால் கூட என்னிடம் பதில் இருந்திருக்காது. துக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு முடிவு கட்டியது நானும் இல்லை, மையமும் இல்லை. அந்தம்மாவேதான். என்ன நடந்தது என்று அப்புறம் அவரே சொன்னார்.

ஒரு விடியற்காலையில் கணவர் வழக்கம் போல மாமியார் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். மச்சானும் கடலுக்குப் போக டீசல் கேனோடு பின்னால் நின்றிருக்கிறான். அந்தம்மா பொட்டலத்தைக் கொடுக்கவில்லை. மாத்திரையையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் நீட்டியிருக்கிறார்.

"இங்கயே போடு."

"கொமட்டும்."

"கொமட்டட்டும். என் கண்ணு முன்னால போடு."

அவர் மாத்திரையை வாங்கிக்கொண்டார். வாயில் போடவில்லை. போட்டுவிட்டால் சண்டை முடிந்துவிடும், மனைவி வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் அன்று மச்சான் நாள். சும்மா போட்டுக்கொண்டு போயிருக்கலாம், மறுநாள் சரி செய்துகொண்டிருக்கலாம். அந்த ஆளுக்கு அது தோன்றவில்லை. ஒருவன் பங்கை அவன் எதிரிலேயே எடுத்து வாயில் போட்டுக்கொள்வது அவரால் முடிகிற காரியமில்லை. கையை விரித்தபடி நின்றிருக்கிறார்.

"இப்ப போட மாட்ட இல்ல? தெரியும்" என்று அந்தம்மா சொல்லியிருக்கிறார்.

அப்போது பின்னாலிருந்து தம்பி சொன்னானாம்: "மாமா, நீ போட்டுக்க. எனக்கு வேணாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. அந்தம்மா கணவரைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அவனுடைய கழுத்தெலும்பைப் பார்த்தார், பல மாதமாக விடாத காய்ச்சலை நினைத்துப் பார்த்தார். தாய் வீட்டில் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். சொம்பைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கடலுக்கு நேரமாகிவிட்டது என்று போட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டிருக்கிறான். அன்றைக்கு இரண்டு பேரும் போகவில்லை.

அன்று மையம் திறந்தபோது வாசலில் அந்தம்மா நின்றிருந்தார். ஒரு கையில் தம்பியின் மணிக்கட்டு. அவன் முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தான், கண் மட்டும் தெரிந்தது. உள்ளே இழுத்துவந்து என் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

"இவனுக்குத் தனியா ஒண்ணு குடுங்க" என்றார்.

ரேஷன் கடையில் புதிதாகப் பெயர் சேர்க்க வந்தவரைப் போலத்தான் சொன்னார். பிறகு என் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். தம்பி துண்டை அவிழ்த்து அக்காவிடம் கொடுத்தான், முகத்தைத் துடைத்துக்கொள்ள. அவன் முகத்தை அங்கே பார்த்தவர்கள் நான், டாக்டரம்மா, மருந்து கொடுக்கிறவர். யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை.

சோதித்ததில் மச்சானுக்குக் காசநோயும் இருந்தது. முதலில் அதற்கு மருந்து, சில வாரம் கழித்து இதற்கு. கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக் கொடுக்கிற அளவுக்குத்தான் அவனால் முடிந்தது. கூறு போடும்போது அவனுடையது குறையவில்லை. அந்தம்மா துணிப் பையோடும் டப்பாவோடும் நாலு வீடு திரும்பி வந்தார். காலண்டரில் இப்போது தினமும் தாளை இரண்டாகக் கிழித்து மடிக்க வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்து கணவருக்கு மறுபடி ரத்தம் எடுத்தோம். ரிசல்ட் வருகிற வரை நான் அலமாரிச் சாவியை இரண்டு முறை தொலைத்தேன். வந்தது. டாக்டரம்மா தாளை என் பக்கம் தள்ளினார். டெஸ்டில் தெரியாத அளவு. இது நிற்க வேண்டும், இன்னொரு தடவையும் பார்ப்போம், ஆனால் மருந்து மாற்ற வேண்டியதில்லை, நம்பிக்கையாக இருக்கச் சொல்லுங்கள் என்றார். போன் செய்தேன். அவர் கடலில் இருந்தார், போனை அந்தம்மா எடுத்தார். சொன்னேன்.

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"தம்பிக்குணா?"

"அவனுக்கு இன்னும் மாசம் ஆகணும். வெயிட்டு ஏறியிருக்கு. நல்லா வருவான்."

"சரிணா. நீங்க அவருக்குப் போன் பண்ணாதீங்க. நானே சொல்லிக்கறேன். நாளைக்குக் காலைல கரைக்கு வரீங்களா?"

"எதுக்கும்மா?"

"அன்னிக்கு உங்க முன்னாலயும்தான் சொன்னேன்."

போனேன். வலைத் துண்டுகள் இருந்த பையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன். மீன் வாங்க வந்த பெண்கள், ஏலக்காரர், தெருவில் பாதிப் பேர் இருந்தார்கள். அந்தம்மா கூடையில்லாமல் தனியாக நின்றிருந்தார். போட்டு வந்து மணலில் முட்டியது. மச்சான் அன்றுதான் பல மாதத்துக்குப் பிறகு கடலுக்குப் போயிருந்தான். உள்ளே குனிந்து தண்ணீரை இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தான். கணவர் கயிற்றோடு குதித்து இறங்கி, தோளில் போட்டு இழுக்க ஆரம்பித்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார் அந்தம்மா. "அன்னிக்கு நான் தெருவுல நின்னு எம் புருஷன ஏமாத்துக்காரன்னு சொன்னேன். அவரு என்னை ஏமாத்தல. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

மீன்காரப் பெண் ஒருத்தி, "ஏண்டி, என்னாடி ஆச்சு?" என்றாள்.

"அது எங்க வீட்டு விஷயம்."

ஏலக்காரர் என்னைப் பார்த்தார். நான் பையைத் திறந்து உள்ளே எதையோ தேடினேன். மச்சான் தண்ணீர் இறைப்பதை நிறுத்திவிட்டான், ஆனால் தலையை நிமிர்த்தவில்லை.

அந்தம்மா கணவரிடம் போனார். அவர் கயிற்றைத் தோளில் வைத்தபடியே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு."

"எப்டி?"

"எறங்கிடுச்சு."

அவர் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே ஈர மணலில் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அலை போட்டைப் பின்னால் இழுத்தது, கயிற்றைப் பிடி, கயிற்றைப் பிடி என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். மச்சான் போட்டிலிருந்து குதித்து ஓடிவந்து அந்தக் கயிற்றை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.